உன் செத்தவீட்டு வீடியோவும் தேவியின் கடலும்

என் தங்கையைக் கட்டியவனே, என் கடையின் பின்னறையை ஆண்டவனே, அன்பு மச்சான் நேசா,

உனக்குக் கடிதம் எழுதவேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. முன்மேசையில் இருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், பின்னறையில் இருந்து "பொறு மச்சான், அப்டேற் ஓடுது" என்பாய். இப்போது குரல் கொடுத்துப் பயனில்லை. அன்பாக எழுதச் சொல்கிறாள் என் தங்கை வசந்தி. அன்பு இருக்கிறது. ஆனால் கோபம்தான் முதலில் வருகிறது, அதை இறக்கி வைக்காமல் மற்றது வெளியே வராது.

எல்லாருடைய மெஷினுக்கும் அப்டேற் போட்டாயே, உன் பிரஷருக்குக் குளிசை போட்டாயா? டொக்டர் எழுதித் தந்ததை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "உது பழைய வேர்ஷன் மச்சான், புதுசு வரட்டும்" என்று பகிடி விட்டாய். நாங்களும் சிரித்தோம். அந்தப் பகிடி விட்ட வாயோடு உன்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. ஓங்கி ஒன்று போடவேண்டும் போல இருந்தது.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள், அவர்களுக்கும் விளங்கவேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

என்னுடையது வடமராட்சிக் கரையில் வள்ளங்களுக்கான எஞ்சின் உதிரிப்பாகக் கடை. குருநகரில் செத்துப்போன எஞ்சின்களை நிறுத்து வாங்கி, கழற்றி, உயிருள்ள பாகங்களைத் துடைத்து விற்றுத் தொடங்கியவன் நான். படிப்பால் வந்த கடை இல்லை. எது ஒறிஜினல், எது போலி என்று கையில் எடுத்ததும் தெரிகிற கண்ணால் வந்த கடை. பின்னறை நேசனுடையது. வள்ளக்காரர்களின் ஜி.பி.எஸ் பெட்டிகளைத் திருத்துவதும், ஊரில் உள்ள கொம்பியூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் அவன் வேலை.

ஜி.பி.எஸ் என்றால் வழி காட்டுகிற பெட்டி என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். கரையில் அதன் பெறுமதி வேறு. கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பார் எங்கே, கல் எங்கே, எந்த இடத்தில் வலை சிக்கிக் கிழியும் என்று ஒவ்வொரு வள்ளக்காரனும் தன் பெட்டியில் இடம் குறித்து வைத்திருப்பான். அதற்குப் பெயர் பொயின்ற். ஒருவன் தன் பொயின்ற்றைக் கூடப்பிறந்த தம்பிக்கும் சொல்லமாட்டான். சீதனமாகக் காணி கொடுப்பான், நகை கொடுப்பான், பொயின்ற் கேட்டால் பேச்சை மாற்றுவான். ஆனால் பெட்டி உப்புத் தண்ணீர் குடித்துச் செத்தால் எல்லாம் போய்விடும். ஆகவே இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வேண்டும், அந்த இடத்தில் இருக்கிறவன் பார்க்கவும் கூடாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தவன் நீ.

வள்ளக்காரன் குணம் முதன்முதல் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவனுடைய பொயின்ற்றுகளைக் கொம்பியூட்டரில் ஏற்றினாய். அவன் கையால் ஒரு சொல் அடித்துப் பூட்டச் சொன்னாய். அந்தச் சொல் இல்லாமல் நீயே நினைத்தாலும் திறக்க முடியாது.

"நேசன், நீ பாக்கேல்லைத்தானே?" என்றான் குணம்.

"நான் சுவரைத்தான் பாக்கிறன். நீ அடி."

"சுவரிலை கண்ணாடி இருக்கு."

"அது பிள்ளையார் படமடா."

"அவரையும் அங்காலை திருப்பு."

நீ எழும்பிப் பிள்ளையாரைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். வாசலில் நின்ற நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அடுத்த கிழமை அந்த நாலு பேரும் வந்தார்கள். ஒருவனும் மற்றவனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

உன் மெஷினைப் பற்றி நமக்குள் எத்தனை சண்டை! நான் விலையைப் பார்க்கிறவன். உன் தம்பி பாபு கனடாவில் இருந்து அனுப்பிய லப்டொப் சும்மா கிடக்கிறதே, அதைப் பாவி என்றேன். மெல்லிசு, வெள்ளி நிறம், கடைக்கும் வடிவு. நீ அதைத் திறந்து காட்டினாய். ஒரு வருசம் கரையில் இருந்ததற்கே உள்ளே பச்சை பூத்திருந்தது.

"உதின்ரை காத்தாடி இழுக்கிறது காத்தில்லை மச்சான், உப்பு. உது குளிர்நாட்டுக்குச் செய்த சாமான். பிழைச்சா உள்ளை ஒண்டும் கழட்டேலாது. உதிரி கிடைக்காத எஞ்சினை நீ வாங்கி விப்பியோ?"

உதிரி கிடைக்காத எஞ்சினை நான் தொடமாட்டேன். ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பெருத்த மெஷின் ஒன்றைக் கொழும்பில் இருந்து எடுப்பித்தாய். வடிவே இல்லை, பழைய சூட்கேஸ் மாதிரி. எந்தப் பாகம் போனாலும் யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கலாம். கண்ணாடிக் கதவு அலுமாரிக்குள் வைத்து, காற்று வருகிற வழிக்கு வடி துணி கட்டினாய். அது கடைசிவரை ஒரு நாளும் நிற்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு விண்டோஸா லினக்ஸா என்ற சண்டை. ஊரில் பத்துக் கொம்பியூட்டர் இருந்தால் ஒன்பதில் களவு விண்டோஸ். யாரோ பென்ரைவில் கொண்டுவந்தது, அவருக்கு யார் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. எஞ்சினுக்கு ஒறிஜினல் பிஸ்டன்தான் வேண்டும் என்று என் மேசையில் அடித்துக் கேட்கிற மனிசன், தன் பிள்ளையின் கொம்பியூட்டருக்குக் களவுச் சாமானைச் சிரித்துக்கொண்டு ஏற்றுவான். அந்தக் களவை ஓடவைக்கிற புரோகிராம் முதலில் கேட்பது என்ன? வைரஸ் காவலை நிற்பாட்டு என்று. நீ அதைக் கேட்டுத்தான் கொதிப்பாய்: "வீட்டு நாயைக் கட்டிப்போடு, பேந்து வாறன் எண்டு ஒருத்தன் சொன்னா, அவனை உள்ளை விடுவியோ?"

"காசு குடுத்து விண்டோஸ் வாங்கன்" என்றேன்.

"வாங்கலாம். அதுவும் நல்ல சாமான்தான். வாங்கி, அப்டேற் போட்டு, கண்ட பென்ரைவையும் செருகாமல் வைச்சிருந்தா ஒரு பயமும் இல்லை. ஆனா நான் மற்றவன்ரை சொத்தை வைச்சிருக்கிறன். இந்த ஊரிலை எவன் வந்தாலும் கை வைக்கத் தெரியாத லினக்ஸ்தான் எனக்குத் தோது."

"உன்னைத் தவிர ஒருத்தருக்கும் விளங்காது."

"அதுதான் வேணும்."

நேசா, அந்த இரண்டு சொல்லில்தான் பிழை விட்டாய்.

உன் செத்தவீட்டுக்கு வருகிறேன். சவப்பெட்டி, பந்தல், பறை, ஐயர் என்று நான் வெளியே ஓடித் திரிந்தேன். வீட்டுக்குள் உன் தம்பி பாபு. தகவல் கேட்ட கையோடு விமானம் ஏறி வந்தவன், பாவம், இரண்டு நாள் நித்திரை இல்லை. கனடாவிலும் லண்டனிலும் ஜேர்மனியிலும் உள்ள சனத்துக்கு உன் கிரியைகளை நேரடியாகக் காட்டவேண்டும். இப்போது அது இல்லாமல் நம் பக்கம் ஒரு சவமும் எழும்புவதில்லை, உனக்குத் தெரியும். ஸ்ரூடியோக்காரர் மூன்று கமெரா கொண்டுவந்தார், வானத்தில் ஒரு ட்ரோன் விட்டார். உன் மேல் தும்பி மாதிரி அது சுற்றியது. நீ எழும்பி அதன் மொடலைக் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

ஸ்ரூடியோக்காரரின் லப்டொப் வெயிலில் சூடேறி நின்றுவிட்டதாம். "அண்ணைன்ரை கடையிலை பெரிய மெஷின் இருக்கு" என்று பாபு ஆள் விட்டு உன் அலுமாரியைத் திறப்பித்தான். மெஷினோடு, பக்கத்தில் நீ இரண்டாம் பிரதி வைத்திருந்த வெளி டிஸ்க்கும் வந்தது. போட்டால் லினக்ஸ், பாஸ்வேட் கேட்டது. யாருக்குத் தெரியும்? வசந்தியிடம் போய்க் கேட்டார்களாம். உன் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி வைக்கிறவளிடம் பாஸ்வேட்! அவள் சொன்ன மறுமொழி, "அவரைக் கேளுங்கோ."

பிறகு? ஸ்ரூடியோக்காரரின் பென்ரைவில் விண்டோஸ் இருந்தது. எந்த விண்டோஸ் என்று நீ கேட்கமாட்டாய். உன் லினக்ஸை வழித்துத் துடைத்துவிட்டு அதை ஏற்றினார்கள். லைவ் போனது. வீடியோவைச் சேமிக்க இடம் போதவில்லை, வெளி டிஸ்க்கைச் செருகினார்கள். லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவும் தெரியாது. இதைப் பாவிக்க முதல் போமற் பண்ணவேண்டும், உள்ளே இருக்கிறதெல்லாம் அழியும், பண்ணட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். ஓம் என்று தட்டினார்கள்.

இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியாது. எட்டுச்செலவு முடிந்து, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, கடை திறந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் மெஷினை யாரோ கொண்டுவந்து திரும்ப அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். துணி கட்டவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் தேவி வந்தாள். குணத்தின் மனைவி. போன மாரியில் குணம் கடலோடு போனது உனக்குத் தெரியும், நீதான் என்னோடு கரையில் நின்றாய். கவிழ்ந்த வள்ளம் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. பெட்டி உப்பில் ஊறிச் செத்துக் கிடந்தது. தேவி கொஞ்சம் கொஞ்சமாக வள்ளத்தைத் திருத்தி, எஞ்சினைப் பூட்டி, தன் தம்பியைத் தொழிலுக்கு இறக்க ஆயத்தம் செய்துவிட்டாள்.

"மாரிக் காத்து விட்டிட்டுது அண்ணை, இனிக் கடலுக்கு இறங்கலாம். புதுப் பெட்டியும் வாங்கியாச்சு. அவர்ரை பொயின்ற்றை ஏத்தித் தாங்கோ. பூட்டின சொல்லு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அந்தப் பொயின்ற்றுகள் மட்டும்தான் நேசா அவளுக்கு மிச்சம். அந்தப் பொடியனுக்குக் கடல் புதிது. இடம் தெரியாமல் இறங்கினால் எண்ணெய்தான் எரியும், வலைதான் கிழியும். இரண்டு மாதம் அப்படிப் போனால் வள்ளத்தை வேறு யாரோ வாங்குவார்கள். தேவி மீன் கழுவப் போவாள்.

நான் மெஷினைப் போட்டேன். திரையில் நயாகரா தண்ணீர் கொட்டுகிறது. உன் லினக்ஸைக் காணவில்லை. வெளி டிஸ்க்கைச் செருகினேன். உள்ளே ஒரே ஒரு போல்டர்: "அண்ணை பியூனரல் பைனல்."

பாபு அப்போது கனடாவுக்குத் திரும்பிவிட்டான். போன் எடுத்தேன்.

"மகேந்திரண்ணை, அது கேட்டது, நான் ஓம் எண்டு குடுத்தன்."

"கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு குடுக்கிறனியோ? உன்ரை வீட்டை இடிக்கட்டோ எண்டு கேட்டா?"

"வெறும் டிஸ்க் எண்டுதானே காட்டினது."

"உனக்கு வாசிக்கத் தெரியாட்டி அது எழுதாத கொப்பியோடா?"

"லைவ் நிண்டிருந்தா இஞ்சை சனம் என்ன சொல்லும் அண்ணை? செத்தவீட்டையும் ஒழுங்காக் காட்டத் தெரியேல்லை எண்டெல்லோ சொல்லும்?"

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. வசந்தி என் கையில் இருந்து போனைப் பறித்தாள். "அவனும் அழுதுகொண்டுதானே அண்ணை தட்டினவன்" என்றாள். அழுதுகொண்டு தட்டினாலும் டிஸ்க் அழிந்துதான் போகும் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

கொழும்பில் அழிந்த டிஸ்க்குகளை மீட்கிற ஒருவரிடம் இரண்டையும் அனுப்பினேன். மெஷினுக்குள் இருந்தது சுற்றாத புது வகை டிஸ்க், வேகத்துக்காக நீ விரும்பிப் போட்டது. துடைக்கச் சொன்னால் அது உண்மையாகவே துடைத்துவிடுமாம். அதில் ஒன்றும் இல்லை என்றார். வெளியே இருந்தது பழைய சுற்றுகிற வகை. அது அவ்வளவு சொல்வழி கேட்காது. வீடியோ மேலே ஏறாத இடங்களில் இருந்து உன் பூட்டிய பைல்கள் கொஞ்சம் எடுத்துத் தந்தார். ஒன்றுக்கும் பெயர் இல்லை. யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே வழிதான் இருந்தது. வள்ளக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயரில்லாத பூட்டுகளில் தங்கள் சொல்லை அடித்துப் பார்க்க விட்டேன். ஒருவன் உள்ளே இருந்தால் மற்றவர்கள் வீதியில் நிற்கவேண்டும். பிள்ளையாரைத் திரும்பவும் சுவர்ப்பக்கம் விட்டேன். பூட்டுத் திறந்தவன் கோயிலில் பூக்கட்டி நினைத்த பூ வந்தவன் மாதிரி வெளியே வந்தான். திறக்காதவனுக்கும் பெட்டி உயிரோடு இருந்தது, அதில் இருந்து மறுபடி பிரதி எடுத்தோம். கரையில் எல்லாரும் தப்பினார்கள்.

தேவியைத் தவிர.

அவள் ஒவ்வொரு பூட்டிலும் அடித்தாள். எழுத்தைத் தேடித் தேடி, ஒரு விரலால். திறக்கவில்லை. "இன்னும் ஒருக்கா அடிக்கட்டோ அண்ணை? எழுத்துப் பிழைச்சுதோ தெரியாது" என்று கேட்டாள். அடி பிள்ளை, எத்தனை தரம் என்றாலும் அடி என்றேன். வெளியே பஸ் போனது, மீன் ஏலத்துக்கு மணி அடித்தது, அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவர்ரை பொயின்ற் இப்ப எங்கை?"

"அந்த வீடியோவுக்கு அடியிலை போயிட்டுது."

"அந்த வீடியோவிலை நானும் நிக்கிறன் அண்ணை. நேசனண்ணைக்கு ஒப்பாரி வைச்சுக்கொண்டு" என்றாள்.

நேசா, அன்றைக்கு எனக்குப் பாபு மேல் இருந்த கோபம் எல்லாம் கழன்று உன்மேல் திரும்பியது.

பாபு தெரியாமல் செய்தான். ஸ்ரூடியோக்காரர் பழக்கத்தில் செய்தார். கொம்பியூட்டர் என்றால் சந்திக் குழாய், எவனும் வந்து திருகலாம் என்ற நினைப்பு இந்த ஊருக்கே உள்ளது. அவர்களை நான் பேசாமல் விடவில்லை, இனியும் விடமாட்டேன். ஆனால் நீ தெரிந்தவன். தெரிந்த நீ என்ன செய்தாய்? இரண்டு பிரதி வைத்தாய், சரி. இரண்டையும் ஒரே அலுமாரிக்குள் வைத்தாயே! கடை பற்றி எரிந்திருந்தால்? வெள்ளம் வந்திருந்தால்? ஒரு துண்டு வெள்ளைப் பேப்பரில், இதில் மற்றவன் சொத்து இருக்கிறது, தொடாதே என்று தமிழில் எழுதி அந்த டிஸ்க்கில் ஒட்டியிருந்தால் பாபுவின் விரல் நின்றிருக்காதா?

கள்ளன் வருவான் என்று யோசித்தாய். வைரஸ் வரும் என்று யோசித்தாய். நீ சாவாய் என்று மட்டும் யோசிக்கவில்லை. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று கத்தினாயே, ஒருவரும் திறக்க முடியாமல் வைப்பது பாதுகாப்பில் பாதிதான். திறக்கவேண்டியவன் திறக்கவேண்டிய நாளில் அது திறக்கவேண்டும். இது எனக்குக் கொம்பியூட்டரால் வந்த அறிவில்லை. நான் கடைச் சாவியை ஒரு நாளும் ஒருவன் கையில் மட்டும் விட்டதில்லை.

வசந்தி உன்னோடு இருபத்தைந்து வருசம் சீவித்தவள். அவளுக்கு அந்த மெஷினைத் திறக்க ஒருநாள் காட்டிக் கொடுத்தாயா? "உவளுக்கேன் உது?" என்றாய். இப்போது விளங்குகிறதா ஏன் என்று?

சரி. இனி நடந்ததைச் சொல்கிறேன். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய், பிறகு கொதிப்பாய். நானும் அந்த வரிசையில்தான் போனேன்.

வரதனை உனக்குத் தெரியும். வெளிச்சத்தை அணைத்துப்போட்டு மற்ற வள்ளங்களுக்குப் பின்னால் போய், அவர்கள் வலை போடும் இடத்தைத் தூரத்தில் நின்று குறிக்கிறவன். கரையில் அவனுக்கு மரியாதை இல்லை. "நிழல்" என்றுதான் பெயர். பூட்டிவைக்க அவன் உன்னிடம் வந்ததும் இல்லை, மற்றவனிடம் எடுத்ததை மற்றவனிடம் இருந்து எதற்குப் பூட்ட? ஒரு பின்னேரம் கடைக்கு வந்தான். ஸ்பார்க் பிளக் ஒன்று கேட்டான். வாங்கினான். போகவில்லை.

"என்ன வேணும்?"

"தேவியக்கான்ரை கதை கேள்விப்பட்டன்."

"அதுக்கு?"

தன் பெட்டியை மேசையில் வைத்தான். "குணமண்ணைன்ரை கொஞ்சம் இதுக்குள்ளை இருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் இருந்து எழும்பிவிட்டேன். தேவிக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்தாள், கையில் மீன் வெட்டின மணம், கண்ணில் நெருப்பு.

"எவ்வளவு காலமாடா?"

"அண்ணை இருக்கேக்கையே அக்கா."

"அவர் சொல்லுவார், பின்னாலை ஒரு பேய் வருதெண்டு. நான் திருநீறு போட்டு அனுப்பினன். அந்தப் பேய் நீயோ?"

"ஓம் அக்கா."

"வெக்கமில்லையோ ஓம் எண்டு சொல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதுதான் பிளக் வாங்கிற மாதிரி வந்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினேன். தேவி சிரிக்கவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "எல்லாம் இருக்கோ?"

"எல்லாம் இல்லை அக்கா. நான் பிடிச்சது பாதி இருக்கும். தூரத்திலை நிண்டு குறிச்சது, கொஞ்சம் அங்காலை இஞ்சாலை போகும். உங்கடை தம்பி தேடிப் பிடிக்கவேணும்."

"களவெடுத்ததையும் ஒழுங்கா எடுக்கத் தெரியேல்லை. இனி நீ அங்கை போகப்படாது."

"ஓம் அக்கா."

"பொய் சொல்லாதை."

"சரி. உங்கடை தம்பி போகாத நாளிலை போறன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புதுப் பெட்டியை என்னிடம் நீட்டி, "ஏத்துங்கோ அண்ணை" என்றாள்.

விளங்குதா நேசா? நீ அத்தனை கவனமாகப் பூட்டியது போய்விட்டது. களவெடுத்தவனிடம் இருந்தது மிஞ்சியது. ஏன்? அது வேறு ஆளிடம், வேறு இடத்தில் இருந்தது. அவ்வளவுதான். உன் படிப்பையும் பூட்டையும் துணி கட்டிய அலுமாரியையும் ஒரு கள்ளன் தோற்கடித்தான், அவனுக்கே தெரியாமல். இதுதான் எனக்கு ஆறவில்லை. களவுச் சாமானுக்கு எதிராக ஆயுள் முழுக்கக் கத்தினவனின் பிழையைக் களவுச் சாமான் ஒன்று வந்து மூடவேண்டியதாகப் போய்விட்டது. உன்னிடம் இதைச் சொல்லி உன் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய்.

தேவியின் தம்பி முதல் மூன்று தரம் வெறுங்கையோடு வந்தான். வரதன் குறித்த இடத்தில் வெறும் மண். நாலாம் தரம் சுற்றிச் சுற்றித் தேடி ஒரு பாரில் வலை விழுந்தது. தேவி எனக்கு விளைமீன் ஒரு கோர்வை கொண்டுவந்து தந்தாள். "அவர் பிடிக்கிற சாதி மீன்தான் அண்ணை. அந்த இடம்தான்" என்றாள். மீதிப் பாதி இன்னும் கடலுக்குள் கிடக்கிறது. அந்தப் பொடியன் தன் ஆயுளில் தேடுவான். கிடைக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. குணம் அதையெல்லாம் பிடிக்க எத்தனை வருசம் எடுத்தான் என்பதும் யாருக்குத் தெரியும்?

உன் மெஷினில் திரும்பவும் லினக்ஸ்தான் போட்டிருக்கிறேன். பிழை அதில் இல்லை. அந்தக் களவு விண்டோஸைத் துடைக்கிறபோது நயாகராவையும் சேர்த்துத் துடைத்தது எனக்கு நல்ல திருப்தி. இப்போது அதைத் திறக்கிறவள் வசந்தி. யாழ்ப்பாணத்தில் ஒரு வாத்தியாரிடம் போய்ப் பழகினாள். முதல் நாள் பயந்தாள், இப்போது வள்ளக்காரர்களை அதட்டுகிறாள். "கண்ட பென்ரைவையும் கொண்டந்து செருகாதேங்கோ" என்கிறாள், உன் குரலிலேயே. ஒரு பிரதி கடையில். ஒன்று உன் வீட்டில். ஒன்று கொடிகாமத்தில் என் மகள் வீட்டில், கடற்காற்று போகாத இடம். மாதம் ஒருக்கா மூன்றையும் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதி, பிரதி இல்லை. இதை நீ எனக்குச் சொல்லவில்லை, நானாகப் படித்தேன், பெரிய விலை கொடுத்து.

வள்ளக்காரர்களுக்கு நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். பூட்டுகிற சொல்லை உயிரோடு இருக்கிற இன்னொரு ஆளுக்குச் சொல்லிவிட்டு வா, பிறகுதான் ஏற்றுவேன். மனிசிக்குச் சொல், தாய்க்குச் சொல், யாருக்காவது சொல். முறைத்தார்கள். ஒருவன் எழும்பியே போனான். அடுத்த நாள் மனிசியோடு வந்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அப்படி என்ன சொல்லை வைத்திருந்தானோ!

வீடியோ டிஸ்க்கைக் கேட்டுப் பாபு போன கிழமையும் போன் எடுத்தான். பிரதி எடுத்து அனுப்பிவிட்டேன். அவனுடைய அண்ணனின் செத்தவீடு, அவனுக்கு வேண்டும்தானே. நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தீரவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், என்னிடம் வாக்குத்தானே நீ எப்போதும் கேட்பாய், எழுத்து வேண்டாம் என்பாய். நான் உன்னைப்போலப் போகமாட்டேன் நேசா. நாளைக்கே என் நெஞ்சு நின்றாலும், மறுநாள் விடிய அந்தக் கடை திறக்கும், பின்னறை திறக்கும், மெஷின் திறக்கும். தேவியின் தம்பி தான் தேடிப் பிடித்ததை ஏற்ற வந்தால், "அவரைக் கேளுங்கோ" என்று யாரும் அவனுக்குச் சொல்லமாட்டார்கள்.

குளிசையும் போடுகிறேன். இரண்டு நேரமும்.

உன்னை ஏசுவதற்கு உரிமையுள்ள,
உன் வசந்தியின் அண்ணன்,
மச்சான் மகேந்திரன்